நீல மூடி

ஜூன் 3, திங்கள்
ஆஸ்பத்திரி வேலையில மொத நாள். யூனிஃபார்ம் தைச்சு வரல. டோக்கன் கூப்பிடுறதுதான் வேலை. எல்லாரும் சிஸ்டர் சிஸ்டர்ங்குறாங்க, நான் நர்ஸ் இல்லம்மா அசிஸ்டெண்ட்னு சொல்ல மனசு வரல, கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஜூன் 4
கால் வலி.

ஜூன் 6, வியாழன்
பிபி பாக்கச் சொன்னாங்க. வந்த உடனே பாக்கக் கூடாதாம், அஞ்சு நிமிஷம் உக்கார வைக்கணும், கால் மேல கால் போட விடக் கூடாது, கை நெஞ்சு உயரத்துல இருக்கணும். வெளிய அம்புட்டு கூட்டம் நிக்கையில அஞ்சு நிமிஷத்துக்கு எங்க போக? குண்டு கைக்கு சின்ன கஃப் (கையில சுத்துற பட்டை) சுத்துனா பிபி கூடக் காட்டும். பெரிய கஃப் இருக்கறதே ஒன்னு, அது எப்பவும் மாடியில.

ஜூன் 10, திங்கள்
ரத்தம் எடுக்குற ட்யூப்ல வயலட் மூடி சிபிசிக்கு, அதாவது ரத்த அணு எண்ண, சாம்பல் சுகருக்கு, நீலம் பிடி ஐஎன்ஆருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க, நம்பர் கூடுனா உறைய லேட்டாகுதுன்னு அர்த்தம். நீலத்த கோடு வரைக்கும் ரொப்பியே ஆகணும்னு சீனியர் அக்கா சொன்னாங்க, உள்ள ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் இருக்கு, அது ஒரு பங்குன்னா ரத்தம் ஒம்போது பங்கு, ரத்தம் கம்மியா விழுந்தா ஐஎன்ஆர் நெசத்த விட கூடக் காட்டுமாம். அதுல இருந்து வேற எதுவும் ஓடல. அப்பாவுக்கு போன மாசம் ஐஎன்ஆர் 4.1 வந்துச்சே, அதப் பாத்துத்தானே ரத்தம் உறையாம இருக்க தர்ற அசிட்ராம் மாத்திரை டோஸ குறைச்சாங்க, அந்த ட்யூப் ரொம்பி இருந்துச்சா? நான் பக்கத்துலதான் நின்னேன், அப்ப எனக்கு அது வெறும் நீல மூடி. தேவையில்லாம குறைச்சு இதய வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டா? கீரை அந்த மாத்திரை வேலைய மட்டுப்படுத்தும், அம்மா வேற கீரை வாங்குறதயே நிறுத்திருச்சு, அதுனாலயும் ஏறிருக்கலாம். நிறுத்தவும் கூடாது, அள்ளித் திங்கவும் கூடாது, எப்பவும் ஒரே அளவா இருக்கணும்னா அம்மாவுக்குப் புரிய மாட்டேங்குது.

ஜூன் 11
மஞ்சள் கவர், சிவப்பு கவர், ஊசிக்கு வெள்ளை டப்பா. கனவுலயும் குப்பை பிரிக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி
ஒரு அப்பத்தா கைய நீட்டிட்டு என் மூஞ்சியப் பாத்து இழுத்துக்கிருச்சு. "நீ புதுசா ஆத்தா? அந்தப் பெரிய புள்ளையக் கூப்புடு." செம சிரிப்பு. என்னா நரம்பு தெரியுமா அதுக்கு, கண்ண மூடிட்டு குத்தலாம்.

ஜூன் 17, திங்கள்
அப்பாவ இங்கயே வரச் சொல்லிட்டேன். மேலூர்ல ஏறுனா மாட்டுத்தாவணி, அங்கேருந்து ஷேர் ஆட்டோ. "ஊசி நீ போடுறதா இருந்தா வரல"ங்குறார். அவருக்கு ஐஎன்ஆர் 2.5ல இருந்து 3.5க்குள்ள நிக்கணும். நீல ட்யூப்ல எக்ஸ்பயரி தேதி பாத்து எடுத்து வச்சிட்டேன்.

ஜூன் 18
அக்காதான் எடுத்தாங்க. நான் ட்யூப் பிடிச்சேன், கோட்டத் தொட்டுச்சு. ரிசல்ட் சாயங்காலம்.