பெரட்டு மணியும் சர்வர் கடிகாரமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் சர்வரின் நேரம் கெடுவதற்கு முதல் காரணம் மின்னல். மாலை மழையில் கரண்ட் போகும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், சர்வர் பல வருடம் பின்னே போய் எழுந்து நிற்கும். அந்தத் தேதியில் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றும் செல்லாது. பேட்டரி சில ரிங்கிட்தான். முதலில் அதை மாற்றுங்கள்.

நல்ல பேட்டரி இருந்தாலும் கடிகாரத்தை ஓட்டும் குவார்ட்ஸ் படிகம் பிசகும். பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஐம்பதைத் தாண்டும். செம்பனை ஆலையில் எடைமேடைக் கணினி ஒரு நேரம், கேமரா இன்னொரு நேரம் காட்டினால், லோரி வருவதற்கு முன்பே செம்பனைக் குலை எடைபோடப்பட்டதாகப் பதிவாகும். கணக்கெழுதும் கிராணி என்ன பதில் சொல்வார்?

லினக்ஸில், இணையத்தில் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் குரோனி என்ற நிரல் போதும். அதே வேலையைச் செய்யும் பழைய என்டிபிடி, டைம்சிங்க்டி எதுவும் கூடவே ஓடக்கூடாது. நேரம் சொல்லும் வெளிச் சர்வர்கள், அதாவது நேர மூலங்கள், குறைந்தது நான்கு வேண்டும். இரண்டே இருந்து அவை முரண்பட்டால் எது பொய் என்று கண்டுபிடிக்க வழியில்லை. குரோனியின் உள்ளமைப்பில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரி, முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், ஒரு விநாடிக்கு மேல் பிசகு இருந்தால் கடிகாரத்தைத் தாவவிடும். பிறகு மெல்ல நகர்த்தித்தான் சரிசெய்யும். அந்த 3-க்குப் பதில் -1 போட்டு எப்போதும் தாவ விடுகிறவர்கள் உண்டு. நேரம் பின்னே குதித்தால் எடைச்சீட்டின் வரிசையே குலையும்.

நேர மண்டலத்தை ஏசியா/கோலாலம்பூர் என்றே வையுங்கள், வெறும் +8 வேண்டாம். தீபகற்ப மலேசியா +7.30-லிருந்து +8-க்கு மாறியது 1982 ஜனவரி 1-இல். வெறும் +8 வைத்தால் அதற்குச் சற்று முந்திய பதிவுகள் அரை மணி தள்ளிக் காட்டும்.

மூலங்களைப் பார்க்கும் கட்டளையில் நட்சத்திரக் குறியும் 'ரீச்' பகுதியில் 377-உம் தெரிந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்தாயிற்று. 0 என்றே நின்றால் உள்ளமைப்பைக் கிண்டாதீர்கள். பெரும்பாலும் ரவுட்டரில் நேரக் கேள்விகள் போகும் வாசலான யுடிபி 123 அடைபட்டிருக்கும்.

தோட்டத்துக்கு மிகவும் உதவுவது இன்னொரு வரி: 'லோக்கல் ஸ்டிராட்டம் 10'. இணையம் இரண்டு நாள் அறுந்தாலும் சர்வர் தன் நேரத்தையே பகிர்ந்துகொண்டிருக்கும். 'அலோ' வரியில் உள் நெட்வொர்க்கைச் சேர்க்க மறந்தால் ஒருவருக்கும் கிடைக்காது. காலையில் தொழிலாளர்கள் கூடிப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக் கைரேகைக் கருவி, எடைமேடை, கேமரா எல்லாம் வெளியே போகாமல் இந்தச் சர்வரையே கேட்கட்டும். இரண்டு விநாடி தவறினாலும் எல்லாம் சேர்ந்தே தவறும். பெரட்டு மணி தாமதமாக அடித்தாலும் எல்லாருக்கும் ஒரே மணிதானே. இணையம் திரும்பியதும் குரோனி அந்தப் பிசகை மெல்லக் கரைத்துவிடும்.