நீங்க என்ன ஹைட் மேம்?

நான் கோச்சா இருக்கற காலேஜ் பேஸ்கட்பால் டீமுக்கு ட்ரையல்ஸ் லிஸ்ட் ஒட்டியாச்சு, பேர் வராத பொண்ணுங்க பாதி பேர் அழுதுட்டு பாதி பேர் போன்ல அப்பாகிட்ட பேசிட்டு போயிட்டாங்க, இவ மட்டும் ஷூ லேஸ அவுத்துட்டே உக்காந்திருந்தா. நான் தாண்டி போறப்ப எந்திரிச்சு நின்னு கேட்டா, "மேம், நீங்க ப்ளேயரா இருந்தப்ப என்ன ஹைட்?"

அஞ்சு ரெண்டுன்னேன். அதுக்கப்புறமா வளரப் போறேன்?

"அப்ப உங்கள எப்படி மேம் எடுத்தாங்க?"

"அப்ப கேம் வேறம்மா" அப்படின்னேன். சரிங்க மேம்னு பேக்கை மாட்டிட்டு போயிட்டா. அவ்ளோதான் நடந்தது. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஆனா இது ஏன் இன்னும் மண்டைக்குள்ள ஓடுதுன்னு தெரியல.

நான் சொன்னது பொய்யில்ல. நான் காலேஜ்ல ஆடினப்ப 20 நிமிஷம் ரெண்டு ஹாஃப், ஷாட் க்ளாக், அதாவது பந்து கைக்கு வந்தா ஷாட் அடிக்க குடுக்கற டைம், 30 செகண்ட். 2000-க்கு அப்புறம்தான் 10 நிமிஷம் நாலு குவார்ட்டர், 24 செகண்ட்னு ஆச்சு. பொண்ணுங்களுக்கு சிக்ஸ் சைஸ் பந்தே 2004-லதான் வந்துச்சு, நாங்கல்லாம் ஆம்பளைங்க ஆடுற செவன் சைஸ்லயே உருட்டினவங்க. ஆனா யோசிச்சு பாத்தா 24 செகண்ட்ல பந்தை சீக்கிரம் மேல கொண்டு போகணும், அதுக்கு பந்தை தட்டிட்டு போற வேகமான குட்டி கார்ட்தான் இன்னும் அதிகமா வேணும். அப்ப கேம் மாறினது அவளுக்கு சாதகமாத்தான் மாறியிருக்கு. இது அவகிட்ட சொல்லும்போது தோணல, அன்னிக்கு நைட் சாப்பிடும்போது தோணுது.

என்னை எப்படி எடுத்தாங்கங்கறதுக்கு நெஜமான பதில் வேற. எங்க சீனியர் பாயிண்ட் கார்ட் அக்காவுக்கு திடீர்னு கல்யாணம் முடிவாகி நின்னுட்டாங்க, பந்தை ஒழுங்கா கொண்டு போக ஆள் இல்ல, கண்ல பட்டது நான். திறமை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா அந்தக்கா இருந்திருந்தா நான் பிகாம் முடிச்சுட்டு எங்கயாவது கணக்கு எழுதிட்டு இருப்பேன். இத எப்படி ஒரு பதினேழு வயசு பொண்ணுகிட்ட சொல்றது? யாராவது விலகினா உனக்கு இடம்னா?

இருந்தது ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் ஃப்ரீ. நான் எடுத்தது அஞ்சு பதினொண்ணு, கவர்மெண்ட் ஸ்கூல், வாலிபால்ல இருந்து வந்தவ. ரிங்குக்கு ஓடி வந்து லேஅப் போட போனா கால் மாறும், பாதி தடவை ட்ராவலிங், பந்தை தட்டாம கூடுதலா அடி வச்சுடுவா. இவளோ ரெண்டு கையிலயும் ட்ரிபிள், தலை நிமிந்து கோர்ட்டை பாத்து ஆடுவா. ஆனா ரிங்குக்கு கீழ நின்னு ஆடற எங்க போஸ்ட் ப்ளேயர் அந்த வருஷம்தான் பாஸ் அவுட் ஆயிட்டா, கார்ட் ஏற்கனவே மூணு பேர் இருக்காங்க. ரீபவுண்ட், அதாவது உள்ள போகாம திரும்பற பந்தை புடிக்கறது, அது இல்லாம ஒரு மேட்ச் ஜெயிச்சு காட்டுங்க பாப்போம். சத்தீஸ்கர்ல இருந்து பூனம் சதுர்வேதி ஏழடிக்கு பக்கத்துல வந்து ரிங்குக்கு கீழ நின்னப்ப, எதிர் டீமோட ட்ரிபிள் எல்லாம் என்ன ஆகும்னு ஆடினவங்களுக்கு தெரியும்.

உடனே மக்ஸி போக்ஸ்னு ஆரம்பிப்பாங்க, அஞ்சு மூணு, அமெரிக்காவோட என்பிஏ லீக்ல 14 சீசன். எனக்கும் தெரியும். நான் அடிக்கடி நெனைக்கறது அமெரிக்காவுல டென்னசி யூனிவர்சிட்டி பொண்ணுங்க டீமுக்கு கோச்சா இருந்த பேட் சம்மிட்டை. அவங்களும் ப்ளேயரா இருந்து கோச் ஆனவங்க, 1976 ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி வாங்கின டீம்ல ஆடினவங்க. மொத்தம் 8 சாம்பியன்ஷிப், அதுல கடைசி ரெண்டு, 2007-ம் 2008-ம், ஜெயிச்ச டீமுக்கு பாயிண்ட் கார்ட் ஷானன் பாபிட், என் ஹைட்தான், அஞ்சு ரெண்டு. சரி, அதே டீம்ல ஆறு நாலுல கேண்டஸ் பார்க்கர் இருந்தாங்களே! குட்டிப் பொண்ணை வச்சு ஆடணும்னா முதல்ல ஒரு கேண்டஸ் பார்க்கர் வேணும், நான் அந்த பாதியத்தான் தேடிட்டு இருக்கேன். இத எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்குது.

நான் எடுத்தவ நல்லாவே வந்துட்டா, அதையும் சொல்லணும். ரெண்டாவது வருஷமே பாக்ஸ் அவுட் பண்ணி நின்னான்னா யாரும் உள்ள வர முடியாது. பேஸ்கட்பால் ப்ளேயர் அனிதா பால்துரை சதர்ன் ரயில்வேல இருந்தவங்க, 2021-ல பத்மஸ்ரீ வாங்கினவங்கன்னு அவ அப்பா என்கிட்டயே வந்து சொல்வார், பொண்ணுக்கும் ரயில்வே கெடைக்குமா மேடம்னு கேட்பார். கெடைக்கலாம். அப்ப என் முடிவு சரின்னுதானே அர்த்தம்? ஆனா இவளுக்கு மூணு வருஷம் குடுத்திருந்தா இவளும் வந்திருப்பா, ரெண்டு பேருக்கும் சேத்து சோதிச்சு பாக்கவா முடியும்.

எனக்கு இப்பவும் புரியாதது அவ கேட்ட விதம்தான். குத்திக் காட்டினாளா, இல்ல நெஜமாவே வழி கேட்டாளா? குத்திக் காட்டியிருந்தா என் பதில் போதும், ஒரு கோச் அதெல்லாம் தாங்கணும். வழி கேட்டிருந்தா, இந்த ஹைட்ல ஒருத்தி எப்படி உள்ள வந்தான்னு தெரிஞ்சுக்க அங்க என்னை விட்டா யாரும் இல்ல, நான் ரூல் புக்கை காட்டி அனுப்பிட்டேன். கொரல்ல கோவம் இருந்த மாதிரி ஒரு நாள் ஞாபகம் வருது, இல்லாத மாதிரி இன்னொரு நாள்.

இந்த வருஷ ட்ரையல்ஸ்ல ஹைட் எடுக்கறதை கடைசிக்கு தள்ளிட்டேன், முதல்ல ட்ரில், அப்புறம் மேட்ச், அதுக்கப்புறம் டேப். பிடி சார் சிரிக்கறார், "எதுக்கு மேடம், கேட்டுக்குள்ள நுழையறப்பவே நீங்க கண்ணாலயே அளந்துடறீங்களே"ங்கறார். அளக்கறேன்தான். முதல் நாள் நோட்ல நான் எழுதின நாலு பேரும் அஞ்சு ஒம்பதுக்கு மேல.