1500 வாட் ராடு எப்போது 1500 வாட்?

வாட்டர் ஹீட்டர் ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எப்போது போட்டாலும் 1500 வாட் எடுக்கும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். எடுக்காது. உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியில் பெரிதாக மாறாமல் இருப்பது அதன் மின்தடை மட்டும்தான், வாட் என்பது அந்த நேரத்தில் வீட்டுக்கு எவ்வளவு வோல்டேஜ் வருகிறது என்பதைப் பொறுத்தது.

வாட்டை வோல்டால் வகுத்தால் ஆம்பியர், 1500 ÷ 230 = 6.5. வோல்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, 230 ÷ 6.5, ஏறக்குறைய 35 ஓம். பள்ளியில் படித்த அதே ஓம் விதிதான். இப்போது சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 180 ÷ 35 = 5.1 ஆம்பியர், அதை 180-ஆல் பெருக்கினால் சுமார் 920 வாட். வோல்டேஜில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஆனால் வாட்டில் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது, ஏனென்றால் வோல்டேஜ் இறங்கும்போது கூடவே மின்னோட்டமும் இறங்குகிறது, பவர் என்பது இந்த இரண்டின் பெருக்கல்.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுவர 1500 வாட்டில் 21 நிமிடம் போதும், 920 வாட்டில் 34 நிமிடம் ஆகும். கரண்ட் பில் குறையுமா என்றால் குறையாது. இரண்டிலும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலேதான், நேரம் இழுப்பதால் வெளியே போகும் சூடு வேறு.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 880 ஓம் வர வேண்டும், அணைந்திருக்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது, டங்ஸ்டன் சூடேற ஏற மின்தடை அவ்வளவு ஏறும். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உண்மையான வாட்டைவிட அதிகமாக வரும், பவர் ஃபேக்டரையும் (வோல்டேஜும் கரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும், ஒன்றுக்கு மேல் போகாத எண்) சேர்த்துப் பெருக்க வேண்டும். இன்னொன்று, லோ வோல்டேஜில் ராடு குறைவாகக் கரண்ட் இழுக்கும், லோடில் ஓடும் தண்ணீர் மோட்டாரோ அதிகமாக இழுக்கும். காயில் எரிவது அதனால்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பிளக்கைப் பற்றி. இந்த 6.5 ஆம்பியர் ராடை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகுவது பல வீடுகளில் சகஜம், அதுவும் லூசாகிப் போன சாக்கெட்டில். பின் சரியாகப் பிடிக்காத இடத்தில் வெறும் அரை ஓம் மின்தடை இருந்தாலே போதும். ஆம்பியரை அதே ஆம்பியராலும் பிறகு மின்தடையாலும் பெருக்கினால் அங்கே உண்டாகும் சூடு, 6.5 × 6.5 × 0.5, அதாவது 21 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், ஈயத்தையே உருக்கிவிடுகிறது, அந்தச் சூடு பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டால் என்ன ஆகும்? தயவுசெய்து 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே போடுங்கள், பிளக் கறுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

வீட்டில் அளந்து பார்க்க ஆசைப்பட்டால், ஓம் அளக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், கரண்ட் இருக்கும்போது ஓம் பக்கம் திருப்பிய மீட்டரை வைக்கவே கூடாது. ஆம்பியருக்கு, வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் நல்லது, ஆனால் ஒரு வயரை மட்டும் கிளாம்புக்குள் விட வேண்டும். இரண்டு வயரும் சேர்ந்து உள்ளே போனால் பூஜ்யம்தான் காட்டும்.