“ஆர் கெட்டிக்காரர்?”

தரம் 1 பிள்ளைகளிடம் “இந்த வகுப்பில ஆர் கெட்டிக்காரர்?” என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். ‘அ’ எழுதத் தடுமாறுகிற பிள்ளையும் வாங்கில் ஏறி நின்று கை காட்டும். அதே கேள்வியைத் தரம் 5இல் கேட்டால் ஒரு கையும் எழாது. முன்வாங்கில் இருக்கிற இரண்டு பேரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற எனக்கு, இடையில் என்ன நடக்கிறது என்பது தீராத கேள்வி.

சின்னதுகளின் இந்த நம்பிக்கையைச் சிலர் வாய்க்கொழுப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஜோன் நிக்கொல்ஸ் என்ற உளவியலாளர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளைப் படத்தில் காட்டினார். ஒருவர் தலை நிமிராமல் கணக்குச் செய்கிறார். மற்றவர் விளையாடிக்கொண்டு செய்கிறார். ஐந்து, ஆறு வயதுக்காரருக்குப் பாடுபட்டவர்தான் கெட்டிக்காரர். முயற்சியும் திறமையும் அவர்களுக்கு ஒன்று. பாடுபடாமல் அதே புள்ளி எடுத்தவருக்கே திறமை கூட என்ற கணக்கு, பதினொன்று பன்னிரண்டு வயதளவில்தான் முழுதாக விளங்குகிறது.

இதை நான் கொப்பிகளில் பார்க்கிறேன். தரம் 1 பிள்ளை, அழிறப்பர் தேய்த்துத் தாள் கிழிந்த இடத்தைத்தான் முதலில் காட்டும். “ரீச்சர், பாருங்கோ, எத்தினை தரம் அழிச்சு அழிச்சு ‘ழ’ எழுதினனான்!” கிழிசல் அதற்குப் பெருமை. தரம் 4இல் அதே பிள்ளை அழித்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கொப்பியை நீட்டும். அந்தக் கையைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கும்.

வயதோடு வரும் விளக்கத்தைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த வயதில் பிள்ளையின் காதில் என்ன விழுகிறது என்பது எங்கள் கையில் இருக்கிறது. குளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்து, சிலரை மூளைசாலி என்று பாராட்டினார்கள், சிலரை நன்றாக முயன்றாய் என்று பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்கள் கொடுத்து எல்லோரையும் சறுக்க வைத்தார்கள். அதன்பின் முதலில் கொடுத்த அளவு இலகுவான புதிர்களிலேயே மூளைசாலிகளின் புள்ளி இறங்கியது. முயன்றவர்களின் புள்ளி ஏறியது.

இலங்கையில் தரம் 5 பிள்ளைகள் எழுதும் எங்கள் புலமைப்பரிசில் பரீட்சை வருவதும் சரியாக அந்த வயதில்தான். 200 புள்ளியில் வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்தாலும், “இவன் மொக்கன்” என்று உறவினர் முன்னாலேயே சொல்கிற வீடுகள் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை அதை நம்பிவிடும். நம்பிய பிள்ளைக்கு ரியூசனைக் கூட்டி என்ன பயன்?

அதனால் நான் “கெட்டிக்காரி” என்று சொல்வதைக் குறைத்துவிட்டு, “இந்தச் சுழி போன கிழமையை விட வடிவா வந்திருக்கு” என்கிறேன். பிள்ளைகளின் முதல் தவணைக் கொப்பிகளை அலுமாரியில் வைத்திருந்து, பெற்றோர் வரும்போது புதிய கொப்பிக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டுகிறேன். பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு, “வகுப்பில எத்தினையாம் பிள்ளை, ரீச்சர்?” என்று கேட்பார்கள். தரம் 1இல் அதற்கு நான் பதில் சொல்வதில்லை.