ஜெலட்டினில் ஒரு கால் புண்

பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன், முக்கூடல் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவரின் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனோம். கட்டைப் பிரித்ததும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவர் பார்த்துவிட்டார். "ரொம்ப நாறுதாம்மா?" என்று மெல்லக் கேட்டார். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு புண்ணை முதன்முதலாக நிஜ நோயாளியின் காலில் பார்க்க வைத்தது நாங்கள்தானே.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். பயிற்சிக்காகப் பொய்க்காயம் செய்வதற்கு மூலாஜ் என்று பெயர், அச்சில் வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தோல் நோய்களை மெழுகில் வார்த்து வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

முதலில் லிப்ஸ்டிக்கையும் குங்குமத்தையும் வாஸ்லினில் குழைத்துத் தடவினேன். ரத்தம் நிறைய இருந்தது, புண் இல்லை. அப்புறம் ஜெலட்டின். தூள், கிளிசரின், தண்ணீர் மூன்றும் சம அளவு. ஊறவைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து இளக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டேன். பார்க்க அசல் சதை. ஆனால் அது மே மாதம். உடம்புச் சூட்டை ஒட்டியே இளகிவிடும் பொருள் ஜெலட்டின். மதியத்துக்குள் புண் கணுக்கால் வரை வழிந்துவிட்டது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன், வார்த்ததை ஃபிரிட்ஜில் வைத்தேன், வகுப்பைக் காலை எட்டரைக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் நின்றது.

புண்ணுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு அதிக நாள் போனது. சர்க்கரைப் புண் பெரும்பாலும் பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது பாரம் விழும் இடத்தில் வரும். சுற்றிலும் காய்ப்பு தடித்திருக்கும். அதற்கு டிஷ்யூ பேப்பரை வாஸ்லினில் நாலைந்து அடுக்காக ஒட்டி, மேலே முகப்பவுடர் போட்டு, ஓரத்தை நகத்தால் லேசாகக் கிழித்தேன். நடுவில் நல்ல சதைக்குச் சிவப்பு. அழுகிய மஞ்சள் படலத்துக்கு வாஸ்லினில் கஸ்டர்டு பவுடர். செத்த திசுவுக்குக் கண்மை, ஓரத்தில் மட்டும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இவை எந்த அளவில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் மாணவி புண்ணின் நிலையை எழுத வேண்டும். இஷ்டத்துக்கு நிறம் பூசினால் தப்பான பாடம் போய்ச் சேரும்.

ரத்தத்துக்குச் சீனிப்பாகு கலந்த அன்று, பயிற்சிக்கு வைத்திருக்கும் நோயாளிப் பொம்மையின் கையில் எறும்பு மொய்த்துவிட்டது. இப்போது கிளிசரினில்தான் சிவப்புச் சாயம் கலக்கிறேன். அந்தச் சாயம் பொம்மையின் தோலில் ஊறி இன்றுவரை போகவில்லை. இனிச் செய்கிறவர்கள் முதலில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். ஆளின் தோலில் என்றால் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, அரிக்கிறதா என்று பாருங்கள். ஜெலட்டின் மாட்டெலும்பு, பன்றித்தோல் போன்றவற்றிலிருந்து வருவது, அதையும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். ஆளின் மேல் சூடாக ஊற்றவே கூடாது, ஆறி உறைந்த துண்டைத்தான் வைக்க வேண்டும்.

வாடைக்குக் கருவாடு ஊறிய தண்ணீர். பஞ்சில் நனைத்து வெளிக்கட்டின் மடிப்புக்குள் வைத்தேன், தோலில் படாமல்.

நோயாளியாக எங்கள் லேப் அண்ணன் படுத்தார். அதே மாணவி, அதற்குள் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தாள், கட்டைப் பிரித்தாள். ஒரு நொடி மூச்சை அடக்கினாள், முகம் திரும்பவில்லை. ஒட்டியிருந்த துணியை இழுக்காமல், யாரும் சொல்லாமலே சலைன் விட்டு நனைத்து எடுத்தாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். "வலிக்கா அண்ணே?" என்றாள்.

சொல்லிக்கொடுத்தபடி அவர், "ஒண்ணுமே தெரியலையே தாயி" என்றார்.

அவள் கை நின்றது. என்னைப் பார்க்காமல் நோட்டை எடுத்து, 'உணர்ச்சி இல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.