காற்றாடிமலையில் தொடங்கும் எங்கள் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 23 காலை ஆறு மணிக்கெல்லாம் வேன் வாசலுக்கு வந்துவிடும். சென்னையிலிருந்து பெரிய மாமா வீட்டார் முந்தின நாளே வந்திருப்பார்கள். திருவனந்தபுரத்து அத்தை ராத்திரியில் வந்து சேர்வார். "மக்களே, எல்லாரும் ஜெபமாலை எடுத்தாச்சா?" என்று சித்தி ஒருதடவை கேட்ட பிறகுதான் வண்டி நகரும்.

முதலில் கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. கணவாய்ப் பக்கம் போகும்போதே காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் இது. நட்டாலத்தில் 1712-ல் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாக இயேசுவை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கப்புறம் சிறை, அடி, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம். அத்தனையும் பட்டும் அவர் விசுவாசத்தை விடவில்லை.

அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. சிறு கல்லால் தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிக்கும். வீட்டில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் முதலில் தட்ட வேண்டும் என்பது ஆச்சி வைத்த வழக்கம். இந்த வருஷம் தங்கையின் நான்கு வயது மகள். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துத் தட்டினாள். 'டிங்' என்றதும் கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பாறையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. பெரிய மாமி புனிதர்களை வணங்கும் வழக்கமில்லாத சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட் சபைக்காரர், ஆனாலும் அந்தப் பாறையின் முன்னால் எங்களையெல்லாம் விட அதிக நேரம் கண்மூடி நிற்பவர் அவர்தான்.

ரோமிலிருந்து அறிவிப்பு வருவதற்குப் பல காலம் முன்பே ஆச்சிக்குத் தேவசகாயம் புனிதர்தான். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது வெயிலில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் அறிவித்ததைப் பார்க்க அவர் இல்லை. அவருடைய அறையில் டிவியை வைத்து நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அங்கிருந்து கோட்டாறு சவேரியார் கோயில். தேவசகாயத்தின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. மெழுகுதிரி கொளுத்தி, குடும்பத்தில் இருப்பவர்கள், இறந்தவர்கள் எல்லாருடைய பெயரையும் மாமா வாய்விட்டுச் சொல்வார். பெயர் சொல்லும்போது அந்தந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கும்.

முன்பெல்லாம் இந்தப் பயணம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான். 2004-ல் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதிகாலைப் பூசை முடித்து மலைக்குப் போய்விட்டோம். மத்தியானம் மணக்குடிக் கடற்கரையில் சாப்பாடு என்று பேச்சு. மலையை விட்டு இறங்கியபோதுதான் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். சித்தியைக் கட்டிக்கொடுத்தது குளச்சலில். சித்தப்பாவின் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் ஆப்பமும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். அதன் பிறகு 26-ஆம் தேதியைக் குளச்சலுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். மலைப் பயணம் 23-க்கு வந்தது இப்படித்தான்.

கோட்டாறிலிருந்து வீடு திரும்பியதும் முந்திரிக்கொத்து வேலை தொடங்கும். பேரில் முந்திரி இருந்தாலும் அதில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்து உடைத்த சிறுபயறு, தேங்காய், எள்ளு, ஏலம், சுக்கு எல்லாம் கருப்பட்டிப் பாகில் சேரும். சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும், அதனால் எல்லாருடைய உள்ளங்கையும் சிவந்திருக்கும். மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்து, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கித் தேங்காயெண்ணெயில் போட்டால், கொடிமுந்திரிக் குலை மாதிரியே மிதந்து வரும். ஆண்கள் திண்ணையில் குழந்தை இயேசுவுக்குப் புல்கூடு கட்டுவார்கள். வைக்கோல் வீடு முழுக்கப் பறக்கும்.

முதலில் பொரித்தெடுத்த கொத்துகளை யாரும் தொடுவதில்லை. சித்தி அவற்றை ஆறவைத்து ஒரு டப்பாவில் அடுக்குவார். சித்தப்பாவின் அக்காவுடைய மூத்த பிள்ளைக்குப் பொரிந்த மாவின் ஓரம்தான் பிடிக்கும் என்று, ஓரம் நன்றாக மொறுமொறுவென்று இருப்பதாகப் பார்த்து மேலே வைப்பார். 26-ஆம் தேதி காலை, கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடித்ததும் அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த டப்பாவைத் திறந்து கொடுப்பார்.