பேரு போட்டாச்சுல்லா, அண்ணாச்சி!

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். கோயில் கொடைக்கான அம்மன் பாட்டு, வில்லுப்பாட்டு போக, இப்போதெல்லாம் பழைய சினிமாப் பாட்டைத் தங்கள் குரலில் பாடி வெளியிட கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அனுமதி வாங்கியாச்சா என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: “டிஸ்கிரிப்ஷன்ல மியூசிக் டைரக்டர் பேரு போட்டாச்சுல்லா, அண்ணாச்சி!”

பேர் போடுவது மரியாதை, உரிமம் ஆகாது. பாட்டின் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. புதிதாக வாசித்துப் பாடினால் மூன்றாவதைத் தொடவில்லை, அவ்வளவுதான். யாரோ செய்த கரோக்கியை இறக்கிப் பாடினால் அந்த ஆளிடமும் கேட்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31சி பிரிவு. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தால், உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் முன்னறிவிப்புக் கொடுத்து, ராயல்டி (உரிமைத் தொகை) கட்டிக் கவர், அதாவது பழைய பாட்டைப் புதிதாகப் பாடிய பதிவு, வெளியிடலாம். வரியையும் மெட்டையும் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது (நடுவில் ராப் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கேயே முகம் வாடிவிடும்). பழைய பாடகரின் பேரோ படமோ அட்டையில் வரக் கூடாது. கவர் என்றும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் சரி, ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்டு என்கிறது. கேசட் கம்பெனிக்குத் தைத்த சட்டை, நம் பையன்களுக்கு எங்கே பொருந்தும்? அந்தப் பிரிவு பேசுவதும் ஒலிப்பதிவைப் பற்றித்தான். தாமிரபரணிப் படித்துறையில் நின்று வீடியோ எடுப்பதற்கு அது உதவாது. ஆகவே ஆடியோ கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள் என்பேன். பதில் வருமா என்பது வேறு கதை.

யூடியூபில் உரிமையாளர் மெட்டை அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீடியோவை விட்டுவைப்பதும் உண்டு. அதை அனுமதி என்று நினைக்கிறார்கள். இன்று விட்டவர் நாளை எடுக்கச் சொல்லலாம்.

செலவில்லாத வழி பாரதி. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். அவர் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசே வாங்கி, பிறகு பொதுவாக்கிவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்ததோ சினிமாவில் கேட்ட மெட்டு. அந்த மெட்டின் உரிமை வேறொருவருடையதாயிற்றே!

மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் மட்டும் பாரதி வரிக்குச் சொந்தமாக மெட்டுப் போட்டு வந்தான். பதிவு முடிந்ததும் கேட்டான்: “நாளைக்கு வேற யாரும் இந்த மெட்டுல பாடினா எங்கிட்ட கேக்கணும்லா?”

கேட்கணும் என்றேன்.